மலையின் மோவாயைத் தூக்கப் போன பாவாவுக்கு

பாவா,

கேமராப் பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் வந்தது சந்தன வாசனைதான். கழுத்துப் பட்டை முழுக்க மஞ்சள் கறை. கோயில் மலையில் மொட்டை போட்டு இறங்கி வந்த குழந்தைகளைப் படம் எடுக்கும்போது, தலையைப் பிடித்து நேராக்கி நேராக்கி உங்கள் விரலில் ஒட்டிய சந்தனம், அங்கிருந்து பட்டைக்கு வந்தது. ஈரத்துணியை எடுத்தாலே கத்துவீர்கள். "தொடைக்காத பாப்பா, அது சாமி சொத்து, உட்டுடு."

இந்தப் பையை உங்கள் வீட்டுக்காரி, அதுதான் என் அக்கா, ஒரு வருஷமாக பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தாள். போன வாரம் அவளே இறக்கி என் மடியில் வைத்தாள். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். தெறந்து பாரு. ஒன்னும் இல்லன்னா சொல்லிடு, நானும் உட்டுடறேன்" என்றாள். எதைத் தேடச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. நீங்கள் போன பிறகு நடந்த கூத்து அது.

திருத்தணியில் பாதி வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் படங்கள் உங்கள் ஸ்டூடியோவில் பிறந்தவை. போட்டோவே எடுத்துக்கொள்ளாமல் போய்ச்சேர்ந்த பெரியவர்களை ரேஷன் கார்டிலிருந்து பிய்த்தெடுத்து, கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டி, பின்னால் நீலம் அடித்துக் கொடுப்பீர்கள். கோவணத்தோடு ஏர் ஓட்டிய மனுஷன் சுவரில் ஏறும்போது வக்கீலாகியிருப்பார். வீட்டுக்காரர்களுக்கு அதில் அத்தனை சந்தோஷம். சாப்பிடும்போது மட்டும் எங்களிடம் சொல்வீர்கள்: "எனக்கு மட்டும் கோட்டு மாட்டி உட்டுடாதீங்கம்மா. மேல போய் யாருக்கும் அடையாளம் தெரியாம திண்டாடுவேன்."

ஐப்பசியில் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். அழுகையும் ஓட்டமுமாக இருந்த நேரத்தில் யாரோ உங்கள் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு படக்கடைக்குப் போய்விட்டார்கள். கருமாதிக்கு வந்து சேர்ந்த படத்தில் நீங்கள் கோட்டு போட்டிருந்தீர்கள். கழுத்தில் டை வேறு. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். "இது யாரு, பேங்க் மேனேஜரா?" என்று கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

வேறு படம் கிடைக்குமா என்று நாங்கள் தேடாத செல்போன் இல்லை. ஊரையே படம் எடுத்த ஆளுக்கு ஒரு படம் இல்லை. கல்யாணப் படத்தில் இருக்கும் அந்த ஒல்லிப் பையனை அக்காவுக்கே இப்போது பழக்கமில்லை. மற்றதிலெல்லாம் உங்கள் முதுகு, உங்கள் காது, இல்லை என்றால் "ஏய், வேணாம்" என்று முகத்தை மறைக்கும் ஒரு உள்ளங்கை. நாள் போகப் போக அக்கா பேச்சைக் குறைத்தாள். முதல் வருஷத் திதி நெருங்கும்போது சொன்னாள், "பாப்பா, எனக்கு அவரு மூஞ்சி மறந்துகினே வருது. கண்ண மூடனா அந்தக் கோட்டுக்காரன்தான் வந்து நிக்கறான்." அன்றைக்கு நான் அரக்கோணத்துக்கு ரயிலேறி, வேலைக்குப் போய்ச் சேரும்வரை அழுதேன்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது ஆந்திரக் காட்டிலிருக்கும் தலக்கோனாதான்.

ஆடிக் கிருத்திகை முடிந்ததும் கடையைச் சாத்திவிடுவீர்கள். காவடிக் கூட்டத்தில் ராப்பகலாகப் படம் எடுத்து ஓய்ந்த ஆள், "மூஞ்சி பாத்துப் பாத்துக் கண்ணு புளிச்சிப் போச்சி, மலையப் பாத்துட்டு வரலாம் வாங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் வாடகைக் காரில் ஏற்றுவீர்கள். நகரி, புத்தூர், திருப்பதி தாண்டி அந்த தேசியப் பூங்காவின் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தால், ஒரே ஒரு சட்டம்: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. அக்காவின் முந்தானை ஓரத்தில் பறந்தாலும் போச்சு. யாராவது குடும்பத்தோடு வந்து நின்றால், அவர்கள் தின்று முடித்துக் கிளம்பும்வரை பாறை மேல் உட்கார்ந்து பல்லைக் கடிப்பீர்கள். நாங்கள் அதற்குள் புளிசோற்றைக் காலி செய்திருப்போம்.

கடைசியாகப் போன காலை உங்களுக்கு நினைவிருக்கும். இரவு பெய்த மழையில் எதிர்மலையின் செம்பாறை கழுவிவிட்டது போல இருந்தது. பள்ளத்தாக்கில் பனி எழும்பிக்கொண்டிருந்தது. லென்ஸில் வெயில் அடிக்கிறதென்று நீங்கள் குடையைப் பிடித்து, "நான் சொன்னதும் அமுக்கு பாப்பா" என்று பட்டனை என்னிடம் விட்டீர்கள். குனிந்து ஒரு தரம் பார்த்தீர்கள். முகம் சுளித்தீர்கள். அப்புறம் குடையைக் கீழே வைத்துவிட்டு, கேமராவுக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தீர்கள், வலது கையை நீட்டிக்கொண்டு. "மோவாய கொஞ்சம் தூக்..." என்று வாய் சொல்லியே விட்டது.

பாதியில் நின்றீர்கள். எதிரே இருப்பது மொட்டைத் தலை இல்லை, மலை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பி எங்களைப் பார்த்தீர்கள். அக்காவுக்குப் புரையேறியது. கூட வந்த வனக் காவலர் தெலுங்கில், "ஏன்ட்டி சார், கொண்டக்கி பொட்டு பெடதாரா?" என்றார். மலைக்குப் பொட்டு வைக்கப் போகிறீர்களா என்று கேட்டதும் நீங்களும் சிரித்துவிட்டீர்கள். நான் சிரித்த வேகத்தில் என் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. ஓடி வந்து கேமராவை வாங்கிக்கொண்டீர்கள். "ஆளு வந்துட்டான். இத நானே அழிச்சிடறேன்." ஏதோ பட்டனை அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குள் பனியும் கலைந்துவிட்டது.

அந்தப் படம் அழிந்துபோனது என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களையும் திட்டியிருக்கிறேன், மன்னியுங்கள். மலைக்கென்று நீங்கள் தனியாக வைத்திருந்த கார்டு பையின் உள்பக்கம் இருந்தது. பேட்டரி சார்ஜ் ஏறும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டுப் பார்த்தேன். மலை. மலை. பனியில் மலை. பனி இல்லாத மலை. அடுத்த தரம் பட்டனை அழுத்தியதும் நீங்கள்.

கை நீட்டியபடி, உடம்பு மலைப் பக்கமும் முகம் எங்கள் பக்கமுமாக, முன் பல் இடைவெளி தெரியச் சிரிக்கிறீர்கள். அழிக்கத் தெரியாமல் விட்டீர்களா, மனசு வராமல் விட்டீர்களா? எதுவாக இருந்தாலும் நல்லா இருங்கள் பாவா. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிருந்தது, இரண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் பெரிதாக்கக் கொண்டுபோனோம். படக்கடைத் தம்பி கண்ணைச் சுருக்கினார். "மூஞ்சி லேசா ஆடிப் போயிருக்குதுங்க. ஷார்ப் பண்ணிடறேன். இந்தக் கைய எடுத்துட்டு, மலைய எடுத்துட்டு, பின்னால நீலம் குடுத்துடலாம். சட்டைக்கு பதிலா..."

"ஒன்னும் பண்ணாதப்பா" என்றாள் அக்கா. "உசுரோட இருக்கறவரு ஆடத்தான் செய்வாரு. அப்படியே போடு."

இன்று உங்கள் திதி முடிந்தது. மலையும் கையும் ஆடிய முகமுமாகக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் திகைத்து, அப்புறம் சிரித்தார்கள். கருமாதி வீட்டில் சிரிப்பது போல வாயைப் பொத்திக்கொண்டு இல்லை, நன்றாகவே சிரித்தார்கள். விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்த அக்கா, நீங்கள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது கேட்பாளே, அதே குரலில், "இன்னா, வந்துட்டீங்களா?" என்றாள்.

எனக்கும் அந்தக் கோட்டுக்காரர் போய்விட்டார் பாவா. இப்போது கண்ணை மூடினால் நீங்கள்தான் வருகிறீர்கள். நடந்து போகிறீர்கள், பாதியில் நிற்கிறீர்கள், எங்கள் பக்கம் திரும்புகிறீர்கள்.