லேப்டாப் முடிவாகிவிட்டது, எழுந்து சாப்பிடு

சின்னு,

அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

கட்டிட வடிவமைப்புப் படிப்பே வேண்டாம் என்று நேற்று குதித்தாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. குப்பை கொட்டப் போன இடத்தில் மாடி வீட்டு அக்காவைப் பிடித்தேன். அதே படிப்பை முடித்தவள்தானே. நீ கேட்ட பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, நான் பிடிவாதம் பிடித்த எட்டு ஜிபி ராம், நம் லேப்டாப் சண்டை முழுவதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ரெண்டு பேருமே பாதி சரி ஆன்ட்டி. ராம்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பதினாறு இருக்கணும். இல்லன்னா வரையும்போதே திணறும். கார்டு சின்னதே போதும். கனமான வேலையெல்லாம் நாங்க காலேஜ் லேப்லதான் செஞ்சோம். ஸ்டோரேஜ் பின்னால கூட்டிக்கலாம்."

போனிலேயே விலையும் பார்த்துச் சொன்னாள். நம் கைக்கு எட்டுகிறது! அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளும் கடைக்கு வருகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வா, நான் டியூட்டி முடிந்து நேராக அங்கே வந்துவிடுவேன். சாவியை மறந்து உள்ளே வைத்துவிடாதே.

அம்மா

பி.கு. கலர் உன் இஷ்டம், நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று. ராத்திரி நீ அழுதது கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். இன்றைக்கு என் பக்கத்திலேயே வந்து படு.