எழுதிக் குடுங்க சார்

புதன்கிழமை, இரவு

மூன்றரை வயதாகியும் யாழினி என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆட்டிசமா என்று கேட்கத்தான் இன்று அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோ பிடித்து டவுன் டாக்டரிடம் போனேன். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செல்போன் ஜாஸ்தி குடுக்கறீங்க, அதாம்மா. ஸ்கூல்ல சேத்தா தானா பேசிடுவா."

எங்கள் வீட்டில் இருப்பதே பட்டன் போன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றேன்.

பேனாவை எடுத்தவர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். மூன்று முறை கூப்பிட்டார். அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலூரில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதினார்.

சண்டை போட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும், தானாகப் பேசிவிடுவாள் என்று அந்த ஆள் சொன்னதே பலித்துவிடக் கூடாதா.