ஐந்து நட்சத்திரக் கையுறை

மடவாஸ்கா
செப்டம்பர் 14

அன்புள்ள ரெமி அண்ணா,

உன் கைக்கு வருவதற்கு முன் இந்தக் கடிதத்தைச் சிறையில் ஓர் அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று அம்மா சொன்னாள். அதனால் முதல் வணக்கம் அவருக்கு. இதில் ரகசியம் ஒன்றுமில்லை ஐயா, பெரும்பாலும் துணிமணி விஷயம்தான்.

உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிகளை மூடிவிட்டார்கள். அப்பா கிழங்குக் கொட்டகையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். பெல்ட்டில் ஓடிவரும் கிழங்குகளில் அழுகலை விரலால் தொட்டே எடுத்துப் போடுவதில் அவரை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஆறு நாள் வேலை. எனக்கு நூலகத்தில் இரண்டு நாள். "படிச்சவளுக்கு ரெண்டு நாள், படிக்காதவளுக்கு ஆறு நாள். நல்லா இருக்குடி உன் பட்டம்" என்று தினமும் என் தட்டில் ப்ளாய் அப்பத்தைப் போடும்போதே அம்மா சொல்லிவிடுகிறாள். சூடாகத்தான் போடுகிறாள், அதனால் சாப்பிட்டுவிடுகிறேன்.

நீ உள்ளே போனது ஜூலையில், அரைக்கைச் சட்டையோடு. வெளியே வரப்போவது பிப்ரவரி இருபதாம் தேதி. உன் கோட்டும் பூட்ஸும் அந்தக் காரோடு நசுங்கிப் போயின. புதிதாக வாங்க இப்போது வழியில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

ஒரு பெரிய இணையக் கடை, தன் பொருள்களைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறது. பட்டியலிலிருந்து ஒன்றைக் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். பதினான்கு நாளுக்குள் மூன்று படத்தோடு கருத்து எழுதி, நட்சத்திரம் கொடுக்க வேண்டும். பொருளை நானே பயன்படுத்த வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. (அதிகாரி ஐயா இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விட வேண்டுகிறேன்.) நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத எனக்கு இதைவிட நல்ல வேலை ஏது? கம்பளிக் காலுறை, உள்ளாடை, தொப்பி வைத்த கோட்டு எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் உன் அளவு. கோட்டுக்குள் நான் நிற்கும் படத்தைப் பார்த்தால் கூடாரத்தில் யாரோ ஒளிந்திருப்பதுபோல இருக்கும்.

ஒரே சங்கடம், குளிர்கால உடையெல்லாம் கோடையில்தான் அனுப்புகிறார்கள். வெளியே வியர்த்துக் கொட்டும்போது குளிரைப் பற்றி எழுத வேண்டும். போன வாரம் கையுறை வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் அதைப் போட்டுக்கொண்டு, மூஸ் மான் கறி வைக்கும் உறைபெட்டிக்குள் ஐந்து நிமிடம் கையை விட்டு வைத்திருந்தேன். பிறகு உட்கார்ந்து, "மைனஸ் இருபதிலும் விரல்கள் அடுப்போரம் இருப்பதுபோல் இருந்தன, ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே இறங்கவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

அப்பா அதை நூலகத்தில் அச்செடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில், பெல்ட்டில் கூட நிற்கும் ஆர்மண்ட் கையில் கொடுத்து, "எங்க வீட்டுல ஒருத்தி எழுதுனது அச்சுல வந்திருக்கு. சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாராம். எட்டுப் பேர் அதே கையுறைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உனக்கென்று எடுத்ததை அப்பா போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மறுக்கிறார். உனக்கு வேறு பார்க்கிறேன்.

அடுத்த வாரம் பூட்ஸ் வருகிறது. பன்னிரண்டாம் நம்பர், பட்டியலில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உள்ளே குளிராமல் இரு, சண்டைக்குப் போகாதே. எங்கள் மூவரின் அன்பும் உனக்கு.

உன் தங்கை,
டேனிகா

மடவாஸ்கா
பிப்ரவரி 2

அண்ணா,

இதை யார் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

அப்பாவின் கையில் சின்னக் காயம் என்று அம்மா உன்னிடம் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், மறுக்கவில்லை. வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி விறகு பார்க்கக் காட்டுக்குப் போனார். மைனஸ் இருபத்து மூன்று. பழைய தோல் கையுறையை எடுத்துப் போங்கள் என்று அம்மா சொன்னதற்கு, "எம்பொண்ணு சோதிச்சுப் பாத்தது இருக்கும்போது அந்தக் கிழிசல் எதுக்கு?" என்றார். ஓடையைக் கடக்கும்போது பனிவண்டி உறைபனியை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீரில் கைவிட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார். முடியாமல் இரண்டு மணி நேரம் நடந்து வந்தார். கையுறை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து, பிறகு கல்லாகிவிட்டது. அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள்.

உடனே அறுக்க மாட்டார்களாம். எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை விரல்களே காட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐந்து வாரம் காத்திருந்தோம். விரல்கள் கறுத்து, சுருங்கி, மரத்துண்டுபோல் ஆயின. கிறிஸ்துமஸ் அன்று இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தை அவருக்கு நான்தான் வெட்டிக் கொடுத்தேன். மேசையில் கை இடித்தால் டக்கென்று சத்தம் கேட்கும். அவருக்கு வலிக்காது, ஆனால் அவரையும் சேர்த்து மூவரும் வேறு பக்கம் பார்ப்போம்.

ஆர்மண்ட் பார்க்க வந்தார். அவர் தன் கையுறையை டிசம்பர் முதல் வாரமே கொட்டகை அடுப்பில் போட்டுவிட்டாராம். மற்றவர்களும் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அப்பாவிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, மகள் எழுதியதாயிற்றே என்று. காபியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஆர்மண்ட் கேட்டார்: "அடுத்து என்ன எழுதப் போற டேனிகா? கட்டை விரலுக்கு அஞ்சு நட்சத்திரமா?" எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தது அப்பாதான். சிரித்து முடித்துவிட்டு, "கையுறைல ஒண்ணும் குறையில்லடா. நனைஞ்சா எது தாங்கும்? எங்க குட்டி மைனஸ் இருபதுல போட்டுப் பாத்திருக்கா, எழுதியே இருக்கு" என்றார்.

அறுவைக்குப் போகும் காலையிலும் அதைப் பற்றித்தான் கேட்டார். நர்ஸ் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "நீ போட்டுப் பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு குட்டி?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா."

"அப்பச் சரி. என் தப்புதான். நனைஞ்சதுமே கழட்டிப் பிழிஞ்சிருக்கணும்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அதோடு உள்ளே கொண்டுபோனார்கள்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். உறைபெட்டிக்குள் நான் கை வைத்தது ஐந்து நிமிடம் இல்லை, நான்கு. நான்காவது நிமிடத்தில் விரல் நுனி மரத்துப் போனதால் வெளியே எடுத்துவிட்டேன். தண்ணீரில் நனைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு நட்சத்திரம் கொடுக்க வேண்டிய பொருள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இந்த வேலை செய்கிற பெண்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில், குறைத்துப் போடுகிறவர்களுக்கு நல்ல பொருள் வராது என்று படித்திருந்தேன். அன்று காலைதான் பட்டியலில் உன் பூட்ஸைப் பார்த்தேன். ஐந்து போட்டேன். மறுநாளே பூட்ஸ் எனக்கு ஒதுக்கப்பட்டது.

அறுவைக்குப் பிறகு கடையின் விதிகளை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். நீங்கள் கொடுக்கும் நட்சத்திரத்துக்கும் உங்களுக்கு ஒதுக்கும் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஏழாவது வரியிலேயே எழுதியிருக்கிறது. நான் இரண்டு போட்டிருந்தாலும் உனக்கு அந்த பூட்ஸ் வந்திருக்கும். நம் வீட்டின் முதல் பட்டதாரி ஏழாவது வரி வரை படிக்கவில்லை.

கருத்தை மாற்றி எழுதி அனுப்பினேன். தண்ணீர் இறங்குகிறது, இதை நம்பி ஒருவர் விரல்களை இழந்தார் என்று. ஏற்க முடியாது என்று பதில் வந்தது. சோதித்தவரின் சொந்த அனுபவத்தை மட்டுமே எழுதலாமாம். பொருளை வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று கீழே ஒரு கேள்வியும் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "வாய மூடிக்கிட்டு இரு. கோட்டையும் பூட்ஸையும் திருப்பிக் கேட்டா அவன் என்னத்தப் போட்டுக்கிட்டு வருவான்?" என்றாள். நான் பதில் எழுதவில்லை. பழைய கருத்து அப்படியே முதலிடத்தில் இருக்கிறது. பயனுள்ளதாக இருந்தது என்று முன்னூற்றுச் சொச்சம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இன்னும் ஆறு பேர்.

கொட்டகையில் பெருக்கும் வேலை வேண்டுமானால் தரலாம் என்று மேலாளர் சொல்லி அனுப்பினார். அப்பா சமையலறைத் துடைப்பத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிப் பெருக்கிப் பார்க்கிறார். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன பொருள் வருகிறது என்று கேட்கிறார்.

அண்ணா, உன் வழக்கு நடந்த அன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். எதுவும் பேசாதே என்று வக்கீல் உன் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீ எழுந்து, உன் காரால் காலொடிந்த அந்த மனிதரைப் பார்த்து, "நாந்தான் குடிச்சிருந்தேன். நாந்தான் ஓட்டுனேன்" என்றாய். அன்று அம்மா உன்னை முட்டாள் என்றாள். மனதுக்குள் நானும் அதையேதான் சொன்னேன்.

அதற்கு முந்தைய நிமிடம் நீ என்ன செய்தாய் என்று எனக்கு எழுது. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாயா? அவர் முகத்தைப் பார்த்தாயா, காலைப் பார்த்தாயா? முதல் வார்த்தை வந்த பிறகு மீதி தானாக வந்துவிடுமா?

இருபதாம் தேதி உன்னை அழைத்துவர அப்பா இடது கையால் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். ஏழு மணி நேரப் பயணம். போகும் வழியிலேயே அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நீ வண்டியில் ஏறிய பிறகு சொன்னால், நீ வந்த சந்தோஷத்தில் அவர் என்னைச் சும்மா விட்டுவிடுவார்.

சீக்கிரம் எழுது அண்ணா. இரண்டு வரி போதும்.

டேனிகா