தொள்ளாயிரம் கிராம் நோயாளி

செவ்வாய்த் தளம், மருத்துவ அறை
நாள் 212, காலை 6.40

கதவைத் திறப்பவர்களுக்கு: எழுதுவது ஜெசிந்தா, தளத்தின் பல் மருத்துவர். வேறு டாக்டர் இங்கே இல்லை. நடைவழியில் விரிசல் விழுந்து காற்று வெளியேறியதால் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. நாளை மாலைதான் திறக்க முடியுமாம். உள்ளே நானும், நேற்று பதின்மூன்று வாரம் முன்னதாகப் பிறந்த ஒரு பெண் குழந்தையும். எடை தொள்ளாயிரம் கிராம். பல் டாக்டரிடம் வந்து சேர்ந்த நோயாளிக்குப் பல்லே இல்லை.

மூச்சுக் கருவி ஒழுங்காக ஓடுகிறது. தொப்புளில் செருகிய குழாய் வழியே பம்ப் குளுக்கோஸைச் செலுத்துகிறது. தாய் தமயந்தி பக்கத்து அறையில் அடைபட்டிருக்கிறாள். பேசிக்கொள்ள இன்டர்காம் இருக்கிறது.

காலை 8.15

குதிகாலில் குத்தி எடுத்த சொட்டில் சர்க்கரை 290. பூமியில் இருக்கும் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஹபீபாவுக்கு ஏழரைக்கே இதைக் கேட்டு அனுப்பியிருந்தேன். செய்தி போய் வர அரை மணி நேரம். இப்போதுதான் பதில் வந்தது:

"இவ்ளோ சீக்கிரம் பிறந்த குழந்தைங்களுக்கு இது சகஜம்தான், ஜெசிந்தா. சர்க்கரையைக் கையாள அந்த உடம்புக்கு இன்னும் தெரியாது. அப்படியே விட்டா யூரின்ல தண்ணியெல்லாம் போயிடும். மூளையில ரத்தக் கசிவு, கண்ணுல பாதிப்புன்னு எல்லாத்துக்கும் பயப்படணும். டிரிப்பைக் குறைங்க. இறங்கலன்னா துளி இன்சுலின். மணிக்கு ஒரு தடவை பாருங்க."

குறைத்துவிட்டேன்.

காலை 11.30

இன்சுலின் தொடங்கியாயிற்று. சர்க்கரை 240. குதிகால் என் கட்டைவிரல் நகம் அளவுதான், இரண்டுமே கருநீலமாகிவிட்டன. குத்தும்போது முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது. மூச்சுக்குழாய் இருப்பதால் அழுகை வெளியே வருவதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தொப்புள் குழாயில் ரத்தம் சுலபமாக வருகிறது, வலியும் இல்லை. இனி அதிலேயே எடுக்கப்போகிறேன்.

மதியம் 1.00

355. டிரிப்பைக் குறைத்தும் ஏறுகிறது. இன்சுலினைக் கூட்டினேன்.

தமயந்தி: "டாக்டரக்கா, பிள்ள எப்படி இருக்கா?"

"நல்லா தூங்குறா" என்றேன்.

மதியம் 2.10

412. இது என்ன கொடுமை! இன்சுலினை மறுபடி கூட்டிவிட்டு எண்களை ஹபீபாவுக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மதியம் 2.50

"ஜெசிந்தா, அந்த 412 எந்த ரத்தத்துல பாத்தீங்க? குளுக்கோஸ் போற குழாய்லயே எடுத்தீங்களா? அப்படின்னா அது குழந்தையோட சர்க்கரை இல்ல, டிரிப்போட சர்க்கரை. இன்சுலினை நிறுத்துங்க. குதிகால்ல குத்திப் பாருங்க. உடனே!"

அந்த 'உடனே' என் காதுக்கு வந்து சேரவே கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. அதுவரை இன்சுலின் ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்தினேன். குதிகால் ரத்தத்தில் 19. நாற்பத்தைந்துக்குக் கீழே போகவே கூடாது.

தூங்கவில்லை. அவள் தூங்கவே இல்லை, மயங்கிக் கிடந்திருக்கிறாள்.

மதியம் 2.58

வலிப்பு. முதலில் இடது கை, பிறகு கண்கள். குளுக்கோஸைக் கூட்டச் சொன்னால் பம்ப் கேட்கவில்லை. திரையில் வருவது: 'பதிவான சர்க்கரை 412. அனுமதி இல்லை.' 19 என்று மாற்றிப் பதிந்தாலும் ஏற்கவில்லை. அந்த 412-ஐ அதற்குக் கொடுத்ததே நான்தான். அடித்தேன், திட்டினேன், கடைசியில் குழாயைப் பம்பிலிருந்து பிடுங்கிவிட்டேன். சிரிஞ்சில் குளுக்கோஸ். கையால் அழுத்துகிறேன்.

மாலை 4.00

குதிகால் 61. வலிப்பு நின்றுவிட்டது.

ஹபீபா: "நிறுத்திடாதீங்க. கொடுத்த இன்சுலின் இன்னும் உடம்புல இருக்கு. குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமா போய்ட்டே இருக்கணும். ரொம்ப ஏறவும் விடாதீங்க. மூளைக்கு என்ன ஆச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அவ நடக்குற, பேசுற வயசுலதான் தெரியும்."

மாலை 5.20

தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குதிகாலைப் பார்த்து இரக்கப்பட்டதையும் மறைக்கவில்லை. வைது தீர்ப்பாள் என்றுதான் காத்திருந்தேன். வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டாக்டரக்கா, கதவு தெறக்குற வரைக்கும் கைய எடுத்துராதீக."

மாலை 6.45

எடுக்கவில்லை. பம்பைத் திரும்பப் பொருத்திப் பார்த்தேன், பிடுங்கியதில் குழாய் மாட்டும் வாய் உடைந்திருக்கிறது. இடது கட்டைவிரல் மரத்துவிட்டது. அழுத்தம் சீராக இல்லை, ஒரு தடவை கூடிவிடுகிறது, ஒரு தடவை நின்றே போகிறது. கதவு நாளை மாலை. பயமாக இருக்கிறது. குதிகால் 44. இரண்டு கையும் வேண்டும். எழுத இனிக் கை