முதுகில் வைத்த காது

அப்பா,

உங்கள் சவரப் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தது. என் இழுப்பு மருந்தை அளந்து ஊற்றிய மூடி. இதை ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருந்தால், "கெடந்துட்டுப் போவுது, விடு" என்றிருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் எனக்கு ஐந்து வயது. ஓடினால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். பாளையங்கோட்டை டாக்டரம்மா சோதனை செய்யவேண்டும் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சை அளக்கும் கருவியில் ஒழுங்காக ஊதத் தெரியாது. அதனால் ஆறு நிமிடம் ஓடவிட்டு, மூச்சுக்குழல் சுருங்குகிறதா என்று முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மருந்து கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சுருக்கம் தெரியாது என்று உங்களிடம் இரண்டு தடவை சொன்னார்.

நீங்கள் கொடுத்தீர்கள். சீவலப்பேரியில் டவுன் பஸ் ஏறுமுன், அம்மாவுக்குக்கூடத் தெரியாமல், இந்த மூடியில் ஊற்றி.

"டாக்டரம்மாட்ட சொல்லிராத, என்னட்டி?"

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நீங்கள். தாளில் ஏறியது லேசில் இறங்காது என்று தெரிந்தவர். பெண்பிள்ளைக்கு இழுப்பு என்று எழுதிவிட்டால் நாளைக்கு யார் கட்டுவான் என்று பயம். ஐந்து வயதுக்காரிக்கு மாப்பிள்ளைக் கவலைப்பட்ட ஆள் ஊரில் நீங்கள் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். முதுகில் ஒரு சத்தமும் இல்லை. வெறும் சளியாக இருக்கும் என்று எழுதினார். பரீட்சையில் தேறியவளுக்குப்போல நன்னாரி சர்பத் வாங்கித் தந்தீர்கள்.

சளிதானே என்று மருந்தை நிறுத்திய எட்டாம் நாள், உதடு நீலம் பூத்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தீர்கள். எனக்கு மூச்சு சீரானதும் டாக்டரம்மா முன்னால் கை கட்டி நின்றீர்கள். "நாந்தாம்மா அன்னைக்கு மருந்து குடுத்துக் கூட்டியாந்தேன்." அவர் திட்டவில்லை. இன்னொரு நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாளில் நான் ஓட மறுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களும் கூட ஓடினீர்கள். "பைய வாட்டி, நான் இருக்கேம்லா." முடிந்ததும் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை உங்கள் காதில் மாட்டினார். "நீங்களே கேளுங்க அண்ணாச்சி." கேட்டீர்கள். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"எழுதிருங்கம்மா" என்றீர்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் முதுகில் காது வைப்பீர்கள். தாடி குத்தும். "ம், போயிட்டு வா." காலேஜ் போன பிறகும் விடவில்லை, நான் எவ்வளவோ கோபப்பட்டேன். அந்தத் தாளைப் பார்த்து யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை அப்பா. நான்தான் கட்டிக்கொள்ளவில்லை.

அம்மாவும் இல்லை, பங்குனியோடு நீங்களும் இல்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது.

இன்று மாடிப்படி ஏறும்போது லேசாக இழுத்தது. மருந்தை உறிஞ்சினேன், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அடங்கிய பிறகும், சட்டைப் பின்புறத்தை நீவிவிட்டுக்கொண்டு, உங்கள் நாற்காலிக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தேன்.