அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு ஆதாரம்

மார்ச் 4

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று அச்சகத்துக்கு விசிட்டிங் கார்டு அடிக்க வந்தவர் என் மேஜைமேல் போனை நீட்டினார். "இதுல போட்டிருக்கிற ரெஃப்ரி உங்க அப்பாதானே?" என்றார். நீ சம்பளமில்லாமல் வருஷக்கணக்காக மாரடிக்கிறாயே, அதே இணையக் கலைக்களஞ்சியம். துறைமுகக் கால்பந்து அணியைப் பற்றிய கட்டுரை. 'இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் துறைமுக அணி அடித்த கோலை ரத்து செய்த நடுவர், ரயில்வே அணியிடமிருந்து கைக்கடிகாரம் ஒன்றைப் பெற்றிருந்தார்' என்று எழுதியிருக்கிறது. பெயரும் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடிகாரத்தை வாங்கியது அம்மா. துணி தைத்துச் சேர்த்த காசில் வாங்கினாள். நீயும் நானும் கடையில் கூடவே நின்றோம். பழுப்பு வார் வேண்டாம், கறுப்புதான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தது மறந்துவிட்டதா?

நான் அந்த வரியை அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. 'பச்சைப்பேனா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மகானுபாவர், ஆதாரமுள்ள செய்தியை நான் நாசம் செய்வதாகச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு அங்கே எதையும் திருத்த முடியாதபடி என்னைப் பூட்டிவிட்டார். அது உங்கள் கூட்டம்தானே? நீயே அந்த வரியை எடு.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. வார் அரிக்கிறது என்று அவர் அந்தக் கடிகாரத்தைக் கட்டுவதை விட்டே பல வருஷம் ஆகிறது. அலமாரியில் சும்மா கிடக்கிறது.

தம்பி

மார்ச் 9

அன்புள்ள முன்கோபிக்கு,

உன் கடிதத்தைக் கிளினிக் வரவேற்பு மேஜையில் வைத்துப் படித்தேன். உள்ளே டாக்டர் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்கு உன்னைக் குடையலாம் போலிருந்தது. அழிப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்ப அழிப்பவனை அங்கே எல்லோரும் போக்கிரி என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படிப் பலரைப் பூட்டியிருக்கிறேன்.

நான் அந்த வரியைத் தொட முடியாது. நான் நடுவரின் மகள். சொந்தக்காரர்களைப் பற்றிய விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. எனவே, திருத்துபவர்கள் விவாதித்துக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில், 'நான் இவருடைய மகள்' என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்டேன். அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து அங்கே என் பேச்சுக்குப் பாதி மதிப்புதான். இத்தனை வருஷம் சேர்த்த பெயரை உனக்காகச் செலவு செய்கிறேன், தெரிந்துகொள்.

அவர்கள் ஆதாரமாகக் காட்டுவது துறைமுக அணியின் இணையதளம். அதுவும் யார் எழுதியதென்று தெரியாத ஒரு பக்கம். 'இது போதாது, அச்சில் வந்த ஆதாரம் காட்டுங்கள்' என்று பச்சைப்பேனாவிடம் கேட்டிருக்கிறேன். அவரால் காட்ட முடியாது என்பது என் கணிப்பு. அதுவரை நீ சும்மா இரு.

அம்மா வாங்கியதுதான். எனக்கும் தெரியும். ஆனால் நீயும் நானும் கடையில் நின்றது எந்தப் புத்தகத்திலும் இல்லையே. நான் என்ன செய்ய?

அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

அச்சில் வந்தால்தான் நம்புவீர்கள் என்றால், என் பிழைப்பே அதுதானே. ஒரு சின்னப் புத்தகம் போட்டுவிட்டேன். தலைப்பு 'ஒரு நடுவரின் விசில்'. அப்பாவின் ஆட்டங்கள், அந்த இறுதி ஆட்டம், அம்மா கடிகாரம் வாங்கிய கதை எல்லாம் இருக்கிறது. எழுதியவர் பெயராக 'விளையாட்டு ரசிகன்' என்று போட்டேன். பொது நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்தேன். பூட்டு தீர்ந்ததும் உள்ளே போய், 'கடிகாரம் மனைவி வாங்கித் தந்தது' என்று எழுதி, புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போட்டேன். ஆறு நாளாக யாரும் வாய் திறக்கவில்லை.

நீ உன் விதிகளைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் வேலையை முடித்தேன். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

தலையிலடித்துக்கொள்வதைத் தவிர நீ எனக்கு வேறு வேலை வைக்கவில்லை.

ஆறு நாள் யாரும் வாய் திறக்காததற்குக் காரணம், பச்சைப்பேனா நூலகத்துக்குப் போயிருந்ததுதான். அவரும் உங்கள் ஊர்க்காரர்தானாம். உன் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் உன் அச்சகத்தின் பெயரைப் பார்த்தார். நடுவரின் மகன் நடத்தும் அச்சகம் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 'மகள் கேள்வி கேட்கிறார், மகன் புத்தகம் தயாரிக்கிறார்' என்று எழுதினார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போன இடத்தில், நான் கேட்ட அச்சு ஆதாரத்தையும் தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. துறைமுக அணியின் பொன்விழா மலர். கடிகாரக் கதை அதில் அப்படியே இருக்கிறது. அந்த மலரின் கடைசிப் பக்கத்திலும் உன் அச்சகத்தின் பெயர்தான் இருக்கிறது.

தோற்ற அணி வெளியிட்ட மலரை எப்படி நம்புவது என்று கேட்டேன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார். 'பொய்யென்றால் நடுவரின் சொந்த மகன் அதை அச்சடித்துக் கொடுத்திருப்பாரா?' இப்போது மற்றவர்களும் அவர் பக்கம். முன்பு அந்த வரிக்கு ஒரு நோஞ்சான் ஆதாரம்தான் இருந்தது. இன்று அது அசைக்க முடியாமல் நிற்கிறது. நிறுத்தியது நீ. அச்சு வேண்டும் என்று கேட்டுத் தொலைத்ததால் நானும்தான்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்த மலரை அடிக்கும்போது நீ படிக்கவே இல்லையா? படிக்கவில்லை என்றால் அதை அங்கே வந்து உன் பெயரில் சொல். படித்தாய் என்றால் எனக்குப் பதில் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்கா,

படிக்கவில்லை. பக்கங்களை அவர்களே கோத்து முடித்துக் கொண்டுவந்தார்கள். தாள் மடிப்பு சரியா, மை அப்புகிறதா, படம் தெளிவாக விழுகிறதா, இவ்வளவுதான் பார்ப்பேன். என் மெஷினில் ஓடுவதையெல்லாம் படித்தால் நான் வேலை பார்த்த மாதிரிதான்.

இதை அப்படியே உரையாடல் பக்கத்தில் எழுதினேன். 'விளையாட்டு ரசிகன்' நான்தான் என்றும் எழுதினேன். எழுதும்போது கூசியது. பச்சைப்பேனா மனிதர்தான். மரியாதையாகப் பதில் போட்டார். என் புத்தகத்தை ஆதாரத்திலிருந்து தூக்கிவிட்டார். வரியை எடுக்கவில்லை. ஆனால் 'அன்று தோற்ற துறைமுக அணி, தன் மலரில் இவ்வாறு குற்றஞ்சாட்டியது; வேறு ஆதாரம் எதுவும் இல்லை' என்று மாற்றி, அப்பாவின் பெயரையும் எடுத்துவிட்டார். நீ பார்த்திருப்பாய். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. உங்கள் விதிக்கு இதுதான் நியாயம் போலிருக்கிறது.

ஊரிலேயே ஒருவர் துருவிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் மறைக்க முடியாது என்று, அங்கே போடுவதற்கு முன்னால் நான் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு ஈசி சேரிலேயே சாய்ந்திருந்தார்.

"அந்த மலரை நான் அன்னைக்கே படிச்சுட்டேன்டா" என்றார்.

பொன்விழாவுக்குப் பழைய நடுவர்களையெல்லாம் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்களே, அன்று. நான்தான் அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மலர்க் கட்டும் அதே வண்டியில்தான் போனது. கட்டை அவர் மடியில்தான் வைத்தேன், அக்கா.

"என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"கடைசிப் பக்கத்துல உன் பிரஸ் பேரைப் பார்த்தேன். அப்பதான் புது மெஷின் போட்டிருந்த. அதுல முதல் பெரிய வேலை அது. ஒரு பக்கத்துலகூட மை அப்பல, படமெல்லாம் நல்லா விழுந்திருந்துது. சொன்னா நீ அங்கேயே சண்டைக்குப் போயிருப்ப."

"வாட்ச் கட்டுறதை அதனாலதான் விட்டீங்களா?"

"மேடையில கட்டிக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். படிச்சதும் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டேன். அப்புறம் கட்டத் தோணல. உன் அம்மாவுக்கும் காரணம் சொல்லல."

அம்மா கடைசிவரை வார்தான் அரிக்கிறது என்று நினைத்து, அவர் மணிக்கட்டுக்குத் தினமும் மருந்து தடவிவிடுவாள். அவரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இதையெல்லாம் அங்கே எழுதிவிடாதே. எழுதமாட்டாய், எனக்குத் தெரியும். பச்சைப்பேனா மாற்றிய வரியை அப்பாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். "யாரு சொன்னாங்கன்னு போட்டாச்சுல்ல. அது போதும்" என்றார். பிறகு, "அந்த வாட்ச் ஓடுதான்னு பாரு" என்றார்.

கடையில் கொடுத்துச் சரிசெய்தேன். ஓடுகிறது. வார்தான் மக்கிவிட்டது. இங்கே பழுப்பு மட்டும்தான் கிடைக்கிறது, அப்பா வேண்டாம் என்கிறார். கறுப்பில் நீ பார்த்து வாங்கி அனுப்பு.

தம்பி