தெருவோடு போன மூன்று மூட்டைக் கல்

மாப்பிள்ளை, முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பஸ் ஏறுகிற அழகுக்கு கலெக்டர் தோற்றார். சின்னவன் பாங்க் பரீட்சையில் ஒரே தடவையில் பாஸ். உங்கள் மகள் காலேஜில் நிலவியல் எடுத்தாள், வகுப்பில் அவள்தான் முதல். "பொண்ணுக்கு எதுக்குக் கல்லு படிப்பு?" என்று கேட்ட உங்கள் அக்கா இப்போது வாயைத் திறப்பதில்லை. நான் திறக்க விடுவதும் இல்லை.

இன்று காலை அடுத்த தெரு ஆட்டோக்காரர் வந்து வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது, இன்னும் என்னை 'அஜ்ஜி' என்று கன்னடத்தில் பாட்டி முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார். துணிப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் படியில் வைத்தார். மினுமினுக்கிற கறுப்புக் கல், ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட், அதன்மேல் உங்கள் கையால் எழுதின நம்பர்.

"அஜ்ஜி, இது உங்க மருமகனோடது. வீடு காலி பண்றோம். கூட எடுத்துட்டுப் போக மனசு வரல."

"அன்னிக்கு அவர் மண்டையை உடைச்ச கை உன்னோடதா?"

"இல்ல அஜ்ஜி. உடைச்சவன் பக்கத்துல நின்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான், போ" என்று கதவைச் சாத்திவிட்டேன். அவர் போன பிறகு கல்லை உள்ளே எடுத்து வந்து உங்கள் நம்பரைப் பார்த்தேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

கவர்மெண்ட் உத்தியோகம், பெரிய படிப்பு என்று சொல்லித்தான் பெண் கொடுத்தோம். பிறகு பார்த்தால் பாறை ஆராய்ச்சி என்று மாதத்தில் பாதி நாள் தங்கச் சுரங்கமுள்ள கோலார் பக்கம் கூடாரத்தில். திரும்பும்போது முகம் கரிச்சட்டி, தோளில் கல் மூட்டை. "எங்க தெருவில கிடைக்காத கல்லா?" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் கோபிக்கவில்லை. "எங்க கிடந்துச்சுன்னு தெரியாத கல்லு ஊமை அத்தை" என்று சொல்லி, நம்பரைக் காட்டி, வரைபடத்தில் அந்தப் புள்ளியையும் காட்டினீர்கள். அந்தக் கல்லை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்போம் என்றீர்கள். எனக்குப் பாதி புரிந்தது. மீதிக்குத் தலையை ஆட்டினேன்.

தொண்ணூற்றொன்று கடைசியில் காவேரித் தண்ணீருக்காக இங்கே தமிழர்கள் மேல் கலவரம். மூன்று வருஷம் நடந்து சேர்த்த கல், மூன்று மூட்டை, ஆபீஸில் ஒப்படைக்கக் கொண்டுவந்திருந்தீர்கள். பந்த் என்று ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். மூட்டைகள் நம் லிங்கராஜபுரத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தன. உள்ளே என் மகள் நிறைமாசம்.

மத்தியானம் மெயின் ரோட்டில் லாரி எரிந்தது. டயர் புகையில் தெருவே கறுத்துப்போக, அந்தப் புகைக்குள்ளிருந்து கம்பியும் சைக்கிள் செயினுமாக வந்தார்கள். மளிகைக்கடை தமிழரை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அடுத்தது நம் வீடு. எறியக் கல் தேடினவன் கண்ணில் உங்கள் மூட்டை பட்டது. வெள்ளைப் பெயிண்ட் போட்ட கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கண்ணாடி என் முழங்கையில் ஏறியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கதவின் மேல்தாழ் பிய்ந்தது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனீர்கள். பைத்தியமா பிடித்தது என்று நான் அலறினேன். படியில் நின்று கன்னடத்தில் கத்தினீர்கள்: "அதை எறியாதீங்க! அது கோலார் கல்லு! தங்கம் இருக்கு!"

ஒருவன் கையிலிருந்த கல்லை வெயிலில் திருப்பினான். அது மின்னியது. அவ்வளவுதான், கதவை இடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மூட்டைமேல் விழுந்தார்கள். "பிடோ, நந்து அது!", விடுடா, அது என்னோடது என்று ஒருவன் கல்லைப் பிடுங்க, பிடுங்கினவன் தாடை அதே கல்லால் பெயர்ந்தது. பல் ரத்தத்தோடு நம் படியில் விழுந்தது. தடுப்பதுபோல நடுவில் புகுந்து நீங்களும் அடி வாங்கினீர்கள். சொந்தக்காரன் சும்மா நின்றால் நம்பமாட்டார்கள் என்று பிறகு சொன்னீர்கள். அந்த இழுபறியில்தான் எதிர்வீட்டு கௌரம்மா எங்களைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டாள். கன்னடத்தம்மா, நம்மைவிட அவளுக்குத்தான் அன்று பயம் அதிகம். உங்கள் மகள் அவள் அடுப்படியில் பிறந்தாள்.

மண்டையில் துணி சுற்றிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தவரிடம் கேட்டேன், "நிஜமாவே தங்கமா மாப்பிள்ளை?"

"ஒரு லாரி கல்லை அரைச்சா உங்க பேத்திக்கு ஒரு மோதிரம் தேறலாம் அத்தை."

சிரித்தீர்கள். தையல் வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திவிட்டீர்கள். கல் போனதால் அறிக்கை போனது, வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. மறுபடி அதே காடு மேடு எல்லாம் நடந்தீர்கள். ஒரு நாள்கூட அதை எங்கள் கணக்கில் வைக்கவில்லை.

உங்களைக் கொண்டுபோனதும் கல்தான். குவாரியில் விரிசல் பார்க்கப் போன இடத்தில், முந்தின நாள் வெடிக்காமல் நின்ற மருந்து வெடித்தது. கூலிக்காரர்களை ஓடச் சொல்லிவிட்டுக் கடைசியாகத் திரும்பினீர்களாம். உங்களைத் துணியில் மூடித்தான் கொடுத்தார்கள். என் மகளைத் திறந்து பார்க்க நான் விடவில்லை.

பாறையைப் படம் எடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் சுத்தியலை வைப்பீர்களாமே. நீங்கள் விட்டுப்போன படம் அத்தனையிலும் பாறை, சுத்தியல். ஒன்றில் உங்கள் நிழல், ஒன்றில் பூட்ஸ் நுனி. முகம் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண ஆல்பத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சித்ரதுர்கா பக்கம் பாறை பார்க்கப் போயிருக்கும் உங்கள் மகளிடமிருந்து நேற்று ஒரு கவர் வந்தது. பிரித்தால் போட்டோ: அதே பாறை, அதே சுத்தியல்.

மூட்டை போகட்டும், ஆள் நிற்கட்டும் என்று தெருவில் இறங்கினீர்களே மாப்பிள்ளை, எனக்கு நீங்கள் விட்டுப்போனது அதுதான். அவளுக்குப் பதில் எழுதிவிட்டேன்: "பாறை எங்கயும் போகாதுடி. சுத்தியலைத் தள்ளி வெச்சுட்டு அந்த இடத்துல நீ நில்லு. முகம் நல்லாத் தெரியற மாதிரி புதுசா ஒரு போட்டோ எடுத்து, கழுவி, தபால்ல அனுப்பு."